தாத்தாவின் கணக்கு நோட்டும் ஐம்பத்தாறு எழுத்தும்

அப்ளிகேஷன் ஃபாரம் எதை எடுத்தாலும் அதில் ‘தாய்மொழி’ என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டு வருகிற ஆசாமி, அந்தக் கோடு வந்ததும் ஒரு விநாடி பேனாவை நிறுத்துகிறாரா? சந்தேகமே வேண்டாம்... அவர் எங்க கோஷ்டி! வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றும் பேசுகிற கோஷ்டி.

ஏதோ பத்துப் பேர் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 சென்ஸஸ்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். நம்பிக்கை இல்லாவிட்டால் அம்பத்தூர் ஸ்டேஷனில் காலை எட்டு மணி லோக்கலில் தொற்றிக்கொண்டு, “ஏமண்டீ...” என்று சத்தமாக ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். குறைந்தது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மறுபடி செல்போனில் மூழ்குவார்கள். அதில் ஒருத்தன் அடியேன்.

எங்க வீட்டுத் தெலுங்கு எப்படி இருக்கும் என்று ஒரு சாம்பிள் காட்டுகிறேன். “ஃபிரிட்ஜ்லோ மாவு உந்தி, தோச போசுகுனி தினு.” அதாவது, ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது, தோசை ஊற்றித் தின்னு. இதில் ஃபிரிட்ஜ் இங்கிலீஷ், மாவு தமிழ், தோசை எல்லாருக்கும் பொது. ‘லோ’, ‘உந்தி’, ‘போசுகுனி’ இத்யாதிகள் மட்டும்தான் எங்க பிதுரார்ஜித சொத்து. பசி, தூக்கம், கோபம், பக்கத்து வீட்டு விஷயம்... இந்த நாலுக்கும் எங்க தெலுங்கு தாராளமாகப் போதும். பிராவிடண்ட் ஃபண்ட், பாஸ்போர்ட், சர்க்கரை வியாதி என்று ஆரம்பித்தால் தன்னால் தமிழுக்குத் தாவிவிடும்.

இன்னொரு உபயோகமும் உண்டு. அது ரகசிய பாஷை. கடையில் பேரம் பேசும்போது, விருந்தாளி கிளம்ப மாட்டேன் என்கிறபோது, புது மருமகள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. என் மனைவி பூந்தமல்லிக்காரி, வீட்டில் சுத்தமான தமிழ். கல்யாணமான முதல் வருஷம் முழுக்க எங்க வீட்டுப் பெண்கள் அவள் வைத்த சாம்பாரைப் பற்றி அவள் எதிரிலேயே தெலுங்கில் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வருஷம் ஒருநாள் சாப்பாட்டுப் பந்தியில், “உப்பு தக்குவ காது அத்தய்யா, மீ நோரு செத்துப்போயிந்தி” என்றாளே பார்க்கலாம்! (உப்பு குறைச்சல் இல்லை அத்தை, உங்க நாக்குதான் செத்துப்போச்சு.) அதோடு அந்த ரகசிய பாஷைக்கு ரிடையர்மெண்ட்.

சரி, இப்படிப்பட்ட தெலுங்கை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன், முப்பத்தைந்து வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் ஏழு கணக்கு நோட்டுகள்.

அதற்கு முன்னால் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்க பூர்வீகம் பள்ளிப்பட்டு பக்கம் ஒரு கிராமம். வேர்க்கடலையும் கரும்பும் விளைகிற பூமி. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ம.பொ.சி. போராடினார், இரண்டு பக்கமும் பேசினார்கள், படாஸ்கர் என்கிற மத்தியஸ்தர் வந்து கோடு போட்டார். 1960 ஏப்ரல் 1-ம் தேதி அந்த ஊர்களெல்லாம் மறுபடி மெட்ராஸ் ராஜதானிக்கு... மன்னிக்கவும், மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து, செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்தன. தேதியைக் கவனித்தீர்களா? நல்லவேளை, ஏப்ரல் ஃபூல் சமாசாரமெல்லாம் எங்க ஊருக்கு அப்போது வந்து சேரவில்லை. எங்க வீடு என்னவோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஸ்டேட்தான் இரண்டு தடவை வீட்டைத் தாண்டிப் போய் வந்தது.

தாத்தா படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். அவருக்குத் தமிழ் பேச வரும், ஒரு எழுத்துகூடப் படிக்க வராது. என் அப்பா - நாங்கள் ‘நாயனா’ என்போம், மெட்ராஸ் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரையும் எல்லாரும் ‘நைனா’ என்கிறார்களே, அதேதான் - பிறந்தது 1955-ல். ஒண்ணாங் கிளாஸ் சேர்ந்தது 1960 ஜூனில். அதாவது ஊர் இந்தப் பக்கம் வந்து மூன்றாவது மாசம். தாத்தா யோசித்திருக்கிறார். “இனிமே உத்தியோகமெல்லாம் மெட்ராஸ்லதான். தமிழ்லயே சேரு” என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

விளைவு என்ன? ஒரே கூரைக்குக் கீழே அப்பாவுக்குத் தெரிந்த எழுத்து மகனுக்குத் தெரியாது; மகனுக்குத் தெரிந்த எழுத்து அப்பாவுக்குத் தெரியாது. நாயனா அம்பத்தூரிலிருந்து கடுதாசி போட்டால், தாத்தா அதை எடுத்துக்கொண்டு போஸ்ட்மேனிடமே போய் நிற்பாராம்.

அப்பாவும் பிள்ளையும் அவ்வளவாக ஒட்டாமல் போனதற்கு எழுத்து மட்டும் காரணமில்லை. 1971-ல் நாயனா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவருக்கு பி.யூ.சி. சேர்ந்து மேலே படிக்க ஆசை. தாத்தா முடியாது என்றுவிட்டார். பெரிய சண்டை. கடைசியில் ஐ.டி.ஐ.யில் டர்னர் கோர்ஸ் சேரலாம் என்று முடிவாகி, அதற்கும் தங்குவதற்கும் பணம் வேண்டும் என்றபோது, தாய்மாமன் வந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்தாராம். “எங்கப்பா திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தார். ஒத்தப் பைசா எடுக்கல” - இந்த டயலாக்கை நான் ஸ்கூல் ஃபீஸ், டியூஷன் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் என்று எது கேட்டாலும் இலவச இணைப்பாகக் கேட்டிருக்கிறேன். நாயனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நின்று ரிடையர் ஆனவர். என்னை பி.காம். படிக்க வைத்தார். தாத்தா காரியத்துக்குப் போனபோதுகூட அவர் அழுததாக எனக்கு ஞாபகமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவ்வாவும் (பாட்டி) போய்ச் சேர்ந்தாள். ஊர் வீட்டைக் காலி பண்ணியபோது ஒரு ட்ரங்குப் பெட்டி அம்பத்தூருக்கு வந்தது. உள்ளே நாலு வெண்கலச் சொம்பு, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, காலிகோ பைண்டு போட்ட ஏழு நீள நோட்டு. 1958-லிருந்து 1981 வரைக்கும் தாத்தா எழுதிய வரவு செலவு.

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு நோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? பிரித்தேன். நம்பர்கள் எல்லாம் இங்கிலீஷ் நம்பர்கள். வார்த்தைகள் எல்லாம் தெலுங்கு. எவ்வளவு என்று தெரிகிறது. எதற்கு, யாருக்கு என்று தெரியவில்லை! டோட்டல் போட்டுப் பார்த்தேன். பத்துப் பக்கத்துக்கு ஒரு பைசா வித்தியாசம் இல்லாமல் டேலி ஆகிறது. ஆனால் அந்த 12 ரூபாய் மாட்டுக்கா, மருந்துக்கா, மகனுக்கா... பகவானுக்கே வெளிச்சம். ஆடிட்டிங் சரித்திரத்திலேயே இப்படி ஒரு அவஸ்தை இருந்திருக்காது.

கடைசியாகக் கடைக்குப் போய் ‘30 நாளில் தெலுங்கு’ வாங்கினேன். அந்த முப்பது நாள் யாருடைய நாள் என்று எழுதினவர்தான் சொல்ல வேண்டும். பிரம்மாவின் நாளாக இருக்கலாம்.

தெலுங்குக்கு எழுத்து ஐம்பத்தாறு என்பது பழைய கணக்கு. நம்ம தமிழ் எவ்வளவு சிக்கனம் என்பது அப்போதுதான் புரிந்தது. நாம் ஒரு ‘க’வை வைத்துக்கொண்டு கடல், அகல், தங்கம் என்று மூன்று விதமாக ஓட்டிவிடுகிறோம். அங்கே அதற்கு நாலு ‘க’. நாலு ‘ச’. நாலு ‘ட’. ‘ப’, ‘வ’, ‘ம’, ‘ய’, ‘ஸ’ எல்லாம் ஒரே ஜாடையில் பிறந்த அண்ணன் தம்பிகள்; தலையில் வைத்திருக்கிற துணுக்கையும் வயிற்றில் இருக்கிற கீறலையும் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். மெய்யெழுத்து இன்னொரு மெய்யோடு சேர்ந்தால் பக்கத்தில் உட்காராது, காலடியில் போய்த் தொங்கும். அதற்கு ‘ஒத்து’ என்று பேர். ஒரே ஆறுதல், ‘கொம்மு’. நாம் ‘எ’காரத்துக்குப் போடுவதைக் கொம்பு என்கிறோம் அல்லவா? அவர்கள் ‘உ’காரத்துக்குப் போடுவதைக் கொம்மு என்கிறார்கள். கொம்பு இரண்டு வீட்டிலும் இருக்கிறது, மாட்டின் எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு.

புத்தகத்தோடு முட்டிக்கொண்டிருந்தவனைக் கரையேற்றியது கொரட்டூரில் இருக்கிற ஒரு ரிடையர்டு தெலுங்கு டீச்சரம்மா. பந்துலம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி கிளாஸ். ஃபீஸ் கேட்டால், “மீ தாத்தா எழுதினதைப் படிக்கறதுக்கு நான் காசு வாங்கணுமா?” என்று முறைத்தார். ஆனால் ஹோம்வொர்க் செய்யாவிட்டால், எனக்கு லேசாக நரைக்க ஆரம்பித்திருப்பதைக்கூடப் பார்க்காமல் திட்டுவார்.

தெலுங்கில் அரிச்சுவடிக்கு ‘ஓனமாலு’ என்று பேர். ‘ஓம் நமசிவாய’ என்று ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் வந்தது. நம்ம ஊரில் ‘அரி ஓம்’ சொல்லி ஆரம்பித்து அரிச்சுவடி ஆனதாகச் சொல்வார்கள் இல்லையா? அவர்கள் சிவன் பக்கம், நாம் பெருமாள் பக்கம்!

முதல் கிளாஸிலேயே என் பயம் ஒன்றை பந்துலம்மா தீர்த்துவைத்தார். எங்க வீட்டுத் தெலுங்கு கொச்சை, தப்பு என்பதுதான் நாங்கள் வாழையடி வாழையாக நம்பி வந்தது. காரணம் இருக்கிறது. என் மாமா பையன் ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்தான். தாய்மொழிதானே என்ற தைரியத்தில் முதல் வாரமே ஒரு போன் காலை எடுத்திருக்கிறான். மேனேஜர் எங்கே என்று கேட்டவரிடம், அவர் கிளம்பிப் போய்விட்டார் என்று சொல்வதற்காக, “சார் போயாரு” என்றிருக்கிறான். அந்த ஊரில் மனுஷரை அப்படிச் சொன்னால் அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தமாகிவிடும். எதிர்முனையில் ஒரு கேவல்! அன்றிலிருந்து அவன் ஆபீஸில் இங்கிலீஷ் மட்டும்தான். நாங்கள் ‘கூடு தின்னாவா?’ என்று கேட்பதையும் அங்கே சிரிக்கிறார்களாம். ‘போஜனம்’ என்று சொல்ல வேண்டுமாம்.

“கூடு நல்ல பழைய தெலுங்கு மாட்ட (வார்த்தை). சிரிச்சவனுக்குத்தான் தெரியல” என்றார் பந்துலம்மா. அங்கே, இங்கே என்பதற்கு ‘அக்கட, இக்கட’ என்று புத்தகத்தில் இருக்கிறதே, நாங்கள் ‘ஆட, ஈட’ என்கிறோமே என்றேன். சித்தூர்ப் பக்கம் போய்க் கேட்டுப் பார், இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றார். பிரவுன் டிக்‌ஷனரியை எடுத்து மேஜையில் போட்டார்.

இந்த பிரவுன் கதை சுவாரஸ்யமானது. சி.பி. பிரவுன், 1817-ல் மெட்ராஸில் வந்து இறங்கிய கும்பெனி உத்தியோகஸ்தர். கோட்டைக் காலேஜில் தெலுங்கு படித்து, கடப்பாவுக்கு வேலைக்குப் போனார். போன இடத்தில் தெலுங்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கைக்காசைப் போட்டுப் பண்டிதர்களை வைத்து, கரையான் தின்றுகொண்டிருந்த ஏடுகளைத் தேடித்தேடிப் பிரதி எடுத்தார். அவருடைய தெலுங்கு - இங்கிலீஷ் அகராதி 1852-ல் மெட்ராஸில் அச்சானது. புத்தகத் தெலுங்கோடு பேச்சுத் தெலுங்கையும் மதித்துச் சேர்த்திருக்கிறார் மனுஷர். ஹைதராபாத்தில் அடிபட்ட எங்க வீட்டு வார்த்தைகள் பல அங்கே கௌரவமாக உட்கார்ந்திருந்தன.

இன்னொரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். தமிழும் தெலுங்கும் சம்ஸ்கிருதத்தில் இருந்து வரவில்லை, ஒரே குடும்பம் என்பதை முதலில் ஆதாரத்தோடு எழுதியவர் மெட்ராஸ் கலெக்டர் எல்லிஸ். 1816-ல். எதில் எழுதினார்? காம்ப்பெல் என்பவர் போட்ட ஒரு தெலுங்கு இலக்கணப் புத்தகத்தின் முன்னுரையில்! கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தைப் போட்டது அதற்கு நாற்பது வருஷம் கழித்து, 1856-ல்.

அந்த கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தில். அந்த ஊர்க் கதையைக் கேட்டால் நம்ம கதை தேவலை என்று தோன்றும். அங்கே ஐரிஷ்தான் அரசியல் சட்டப்படி முதல் ஆட்சிமொழி. ஸ்கூலில் எல்லாரும் படிக்கிறார்கள். 2022 சென்ஸஸில் 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எனக்கு ஐரிஷ் தெரியும் என்று டிக் அடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 72,000. கொள்ளுத்தாத்தா கப்பலேறிப்போன அமெரிக்காக்காரர்களெல்லாம் 2014-லிருந்து செல்போன் ஆப்பில் ஐரிஷ் படிக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து, இலக்கணம், சர்டிஃபிகேட் எல்லாம் கிடைக்கும். பேசிப் பார்க்க வீட்டில் ஆள் கிடைக்காது. எனக்கு ஆள் இருக்கிறார். ஹாலில் உட்கார்ந்து நியூஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படிப்புக்கு எனக்குக் கிடைத்த சுலப வழி பழைய ‘சந்தமாமா’. நம்ம அம்புலிமாமா! 1947-ல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் மெட்ராஸில் தெலுங்கிலும் தமிழிலுமாக ஆரம்பித்தது. வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் ஏறும் என்பது ஏற்கெனவே தெரியும் என்பதால், எழுத்து தடுக்கினாலும் கதை கைவிடாது. இரண்டாங் கிளாஸ் படிக்கிற என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். நான் ஒரு மாசம் எடுத்துக்கொண்ட ‘குணிந்தா’லை (நம்ம உயிர்மெய் வரிசை) அவள் பத்து நாளில் முடித்துவிட்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

போன வருஷம் சப்தகிரி எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு திருப்பதி போனோம். திருத்தணி தாண்டியதும் போர்டுகளில் தெலுங்கு ஆரம்பிக்கும். அப்பாவும் பெண்ணும் ஜன்னலில் போட்டி. அங்கே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது பாருங்கள்... வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை! இங்கிலீஷில் எழுதினால் 28 எழுத்து. இந்திய ரயில்வேயிலேயே நீளமான பெயர்களில் ஒன்று என்று பிரசித்தி பெற்றது. எங்க ரயில் அதில் நிற்காது. ‘வெங்கடநர...’ வரைக்கும் நான் வந்தபோது பிளாட்ஃபாரமே முடிந்துவிட்டது. “ராஜு வரைக்கும் படிச்சிட்டேன்ப்பா” என்றாள் மகள். எதிர் சீட்டில் இருந்த நாயனா சிரித்தார். “எனக்கு எழுபது வருஷமா அது வெறும் போர்டு” என்றார்.

இவ்வளவு தேறிய பிறகு நோட்டைத் திறந்தால்... ஒரு வரி ஓடவில்லை! பேனாவை எடுக்காமல் எழுத்தோடு எழுத்தைக் கோர்த்துக்கொண்டே போயிருந்தார் தாத்தா. அதற்கு ‘கொலுசுகட்டு’ என்று பேராம். தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி. அந்தக் காலக் கர்ணம், பத்திர எழுத்தர் எல்லாம் எழுதுகிற தினுசு. பந்துலம்மாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இது உங்க தாத்தாவைத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தாத்தான் நகரும்” என்றார்.

அப்படித்தான் நாயனாவும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலில் உட்கார ஆரம்பித்தோம். நான் எழுத்துக் கூட்டுவேன். எனக்கு அர்த்தம் தெரியாது. அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் சத்தம் காதில் விழுந்ததும் அர்த்தம் சொல்லிவிடுவார். “செ... ன... க்கா... ய...” “செனக்காயலுடா. வேர்க்கடலை.” “ஆ... கு... வ... க்க...” “வெத்தலை பாக்கு. எங்கம்மாவுக்கு. தினம் நாலணா.” “அவ்வகு மந்து - 2 ரூபாய்.” “மருந்து.” (மாமா பையனிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். ஹைதராபாத்தில் இப்போது ‘மந்து’ என்றால் சரக்குக்கும் பேராம்.) இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எங்க வீட்டில் ஒரு படித்த ஆள்.

ஜம என்றால் வரவு, கர்ச்சு என்றால் செலவு. அப்பு கடன், வட்டி ‘வட்டி’யேதான், பாக்கிக்கு நிலுவ. என் பி.காம். அந்த இடத்தில் உபயோகப்பட்டது. 1970, 1971 பக்கங்களில் கர்ச்சுக் காலம் நீண்டுகொண்டே போக, ஜமவில் ஒன்றுமே இல்லை. நடுநடுவே தேதி போட்டு ‘வான லேது’ என்று மட்டும் எழுதியிருந்தது. “மழை இல்லை” என்றார் நாயனா. அந்த வருஷங்களில் மூன்று இடத்தில் கடன் வாங்கி, ஒரு இடத்துக் கடனை இன்னொரு இடத்தில் வாங்கி அடைத்திருக்கிறார் தாத்தா. இதற்கு எங்க ஆபீஸில் ‘ரீஃபைனான்சிங்’ என்று கௌரவமாக ஒரு பெயர் இருக்கிறது. பி.யூ.சி. கேட்ட பையனிடம் முடியாது என்றது இந்த பாலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டுதான். நாயனாவிடம் சொன்னேன். “ம்” என்றார். “மேல படி.”

1971 ஜூலை. ஜம பக்கத்தில் ஒரு வரி. ‘எத்து அம்மின - 280.’

“அம்மினன்னா அம்மாவா தாத்தா?” என்றாள் மகள்.

“இல்லடா கண்ணு. வித்தது. எருது வித்தது.” சொல்லிவிட்டு நாயனா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எதிர்ப்பக்கம் கர்ச்சு. முதல் வரி வட்டிக்கு 60. அடுத்த வரி ரொம்ப நேரம் பிடித்தது. “பா... வ... ம... ரி... தி... சே... தி... கி...” ஒட்டுமொத்தமாக ஒரு தடவை ஓட்டிப் படித்தேன். ‘பாவமரிதி சேதிகி, பெத்தோடி சதுவுக்கு - 200.’

எனக்கே புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர்தான் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மச்சான் கையில், பெரியவன் படிப்புக்கு, 200.

டி.வி.யில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள். “இன்னொரு தடவை படி” என்றார் நாயனா. படித்தேன். “நூறு நூறா ரெண்டு நோட்டு” என்றார். அது அவர் வழக்கமாகச் சொல்கிற டயலாக்தான். ஆனால் அடுத்த வரி வரவில்லை.

ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு என்ட்ரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது, வவுச்சர் வேண்டும், சாட்சி வேண்டும் என்று எனக்குள் ஓடியது. தாத்தா கொடுத்த 200-தான் மாமா கொடுத்த 200-ஆ, இல்லை மாமா தன் கைக்காசைக் கொடுத்து அப்புறம் தாத்தா தீர்த்தாரா? கேட்கலாம் என்றால் மூன்று பேருமே இல்லை. தாத்தா, அவ்வா, அந்த மாமா. தன் கையால் கொடுத்தால் பையன் வாங்க மாட்டான் என்று மச்சானிடம் கொடுத்தாரோ என்னவோ. இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா என்று நினைவில்லை.

“மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார் நாயனா. தெலுங்கில்தான் சொன்னார். அப்புறம் அவரே, “சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருப்பார் அந்த மனுஷன்” என்றார்.

நோட்டை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். மகள் திருப்பி வைத்தாள். “இதுல ‘பெத்தோடு’ எங்கம்மா இருக்கு?” அவள் விரலை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் தானும் விரலை வைத்தார்.

“ரெண்டு எருது இருந்ததுடா” என்றார் என்னைப் பார்க்காமல். “ஒண்ணு செவலை, ஒண்ணு வெள்ளை. அந்த சங்கராந்திக்கு ஐ.டி.ஐ.லேர்ந்து லீவுல ஊருக்குப் போறேன். கொட்டகையில செவலை மட்டும் நிக்குது. வெள்ளை எங்கேன்னு கேக்கணும்னு நினைச்சேன். அவரோட பேசறதில்லயே... கேக்கல.”

மறுநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவரே ஆரம்பித்தார். மகளின் சிலேட்டை எடுத்துவரச் சொல்லி, அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். “எத்து எப்படி எழுதறது, அத மொதல்ல சொல்லு” என்றார்.

“அதெல்லாம் முடியாது தாத்தா. அந்த எழுத்துக்குக் கீழ ஒத்து வரும், கஷ்டம். மொதல்ல ‘அ’லேர்ந்து வாங்க” என்றாள் அவள்.